கழுத்து வளைவும் சரிவுப் பட்டியும்

போன நோன்புப் பெருநாளுக்குத் தங்கைக்கு நானே ஒரு பொப்லின் சட்டை தைத்தேன். கையும் விளிம்பும் நன்றாக வந்தன. கழுத்து மட்டும் சுருங்கி எழும்பி நின்றது. உம்மும்மா திருப்பிப் பார்த்தார். "பட்டியை நேரா வெட்டிப்போட்டாய் புள்ள" என்றார். அன்று அவர் சொல்லித் தந்த பாடம் இது.

துணியில் நெடுக்காகப் பாவு நூலும் குறுக்காக ஊடை நூலும் ஓடுகின்றன. இந்த நூல்களின் வழியே இழுத்தால் துணி அதிகம் நீளாது. மூலைவாட்டில், 45 பாகையில் இழுத்தால் நீளும். கழுத்தோரத்தில் வைத்து உள்ளே மடிக்கும் பட்டியின் ஓர் ஓரம் சிறிய வட்டத்திலும் மற்ற ஓரம் பெரிய வட்டத்திலும் படிய வேண்டும். நேர்ப் பட்டி நீண்டு கொடுக்காததால் சுருங்குகிறது. சரிவுப் பட்டி வளைந்து படிகிறது. பிரான்ஸ் நாட்டு மடலின் வியோனே (1876–1975) முழு ஆடையையுமே இப்படிச் சரிவாக வெட்டிப் புகழ் பெற்றவர்.

செய்முறை:

1. கழுத்தைச் சற்றுச் சிறிதாகவே வெட்டுங்கள். பிறகு பெரிதாக்கலாம், பெரிதாக வெட்டியதைச் சிறிதாக்க முடியாது. தலை நுழையாவிட்டால் பின்பக்கம் ஒரு திறப்பு வையுங்கள்.

2. வெட்டியவுடன் கழுத்தோரம் இழுபடாதிருக்க, ஓரத்துக்கு மிக அருகில் ஒரு நூலோட்டத் தையல் போடுங்கள். பிறகு தோள்களை இணையுங்கள்.

3. சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்து, அந்த மடிப்புக்கு இணையாக 1¼ அங்குல அகலத்தில் பட்டி வெட்டுங்கள். அதைக் கழுத்தின் வடிவுக்கு வளைத்து அயன் பண்ணுங்கள்.

4. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து ¼ அங்குலம் உள்ளே பின்தையல் போடுங்கள். சட்டைத் துணியை இழுக்க வேண்டாம். பட்டியின் இரு முனைகளும் தோள் தையலில் சந்திக்கட்டும்.

5. தையலில் படாமல், அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு வெட்டுகள் இடுங்கள். இந்த இடைவெளிகள் விரிவதால்தான் ஓரம் உள்ளே சமமாகப் படியும்.

6. பட்டியை உள்ளே திருப்பி, வெளியே தெரியாதபடி அழுத்தி அயன் பண்ணுங்கள். அதன் ஓரத்தை மடித்து, சட்டைத் துணியில் ஓரிரு நூல்களை மட்டும் ஊசியால் எடுத்துத் தையுங்கள்.

இதற்கு மெசின் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மும்மாவின் கால் மெசின் முல்லைத்தீவு வீட்டிலேயே நின்றுவிட்டது. புத்தளத்து முகாமில் ஊசியும் நூலும் மட்டும் வைத்து அயலவர் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார். அந்தக் காசில்தான் உம்மா பள்ளிக்கூடம் போனார். ஊருக்குத் திரும்பிய பிறகு வாங்கிய மெசின் இன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆனாலும் கழுத்தை மட்டும் உம்மும்மா கையால்தான் முடிப்பார்.

தங்கையின் சட்டைக் கழுத்தைப் பிரித்து மீண்டும் தைத்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவள் அதையே போட்டாள். உம்மும்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். இம்முறை ஒன்றும் சொல்லவில்லை.