கணிப்பொறிக்கும் மராமத்து வேண்டும்

ஊராட்சியின் வரவு செலவு, வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், பயனாளிகள் பட்டியல் ஆகியவை இன்று கணிப்பொறியில் வைக்கப்பெறுகின்றன. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் மராமத்து இருப்பது போலவே கணிப்பொறிக்கும் மராமத்து உண்டு. அதனை மன்ற உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம். கணக்கைத் தம் கணிப்பொறியில் வைத்திருக்கும் உழவர்களுக்கும் இது பொருந்தும்.

இருவகைப் பணிகள்

கணிப்பொறியை நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், உபுண்டு முதலியன இவ்வகையின. இதற்குரிய பணிகள் இரண்டு. ஒன்று புதுப்பித்தல், அதாவது இருக்கும் பதிப்பில் காணும் குறைகளை அவ்வப்போது அடைத்தல். மற்றொன்று பதிப்பு மாற்றம். பழைய பதிப்பின் இடத்தில் புதியதை நிறுவுதல். முன்னது ஏரிக்கரையின் நண்டு வளையை அடைப்பது போன்றது. கண்ட அன்றே செய்ய வேண்டும். பின்னது மதகை மாற்றிக் கட்டுவது போன்றது. காலம் பார்த்துச் செய்ய வேண்டும்.

புதுப்பித்தல்

விண்டோஸில் இருந்த ஒரு குறைக்கு 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. அதனை நிறுவாதிருந்த கணிப்பொறிகளை மே 12 முதல் 'வன்னாக்ரை' என்னும் தீய மென்பொருள் தாக்கியது. சுமார் 150 நாடுகளில் கோப்புகள் பூட்டப்பெற்று, திறப்பதற்குப் பணம் கேட்கப்பெற்றது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. இரண்டு மாதத் தாமதத்தின் விளைவு இது.

விண்டோஸின் திருத்தங்கள் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று வெளியாகின்றன. நமக்கு அப்போது இரவு. ஆதலின் மறுநாள் மாலை, அலுவல் முடிந்தபின், புதுப்பித்துக் கணிப்பொறியை மறுபடி இயக்குதல் வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் பழுது நேரலாம், யு.பி.எஸ். நல்ல நிலையில் உள்ளதா என்று முன்னரே பார்த்தல் வேண்டும்.

பதிப்பு மாற்றம்

ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்பு உறுப்பு ஆகியவை வேண்டும். பழைய கணிப்பொறிகள் பல இதற்கு ஏற்றவை அல்ல. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளியாகி, ஐந்தாண்டு ஆதரவு பெறும். அதில் படி தாண்டுதல் கூடாது, 20.04-இலிருந்து 24.04-க்குச் செல்வோர் 22.04 வழியாகவே செல்ல வேண்டும்.

பதிப்பை மாற்றுமுன் செய்ய வேண்டுவன:

1. கோப்புகள் அனைத்தையும் வெளி வட்டில் நகல் எடுத்து, அந்நகல் திறக்கின்றதா என்று சோதித்தல்.

2. அச்சுப்பொறியும் மின்னணுக் கையொப்பக் கருவியும் புதிய பதிப்பில் இயங்குமா என்று கேட்டறிதல்.

3. கணிப்பொறிகள் பல இருப்பின், ஒன்றில் மட்டும் மாற்றி ஒரு வாரம் பார்த்தல். விண்டோஸ் 11-க்கு மாறியபின் 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியுண்டு.

4. கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தையும் கிராம சபை நடைபெறும் வாரங்களையும் தவிர்த்தல்.

மன்றத்தின் கடமை

கணிப்பொறியில் உள்ள பதிப்பின் பெயரையும் அதன் ஆதரவு முடியும் நாளையும் இருப்புப் பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அந்நாளுக்கு ஓராண்டு முன்பே பொருளை மன்றக் கூட்டத்தில் வைத்தால், புதிய கருவி தேவைப்படினும் வரவு செலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்கலாம். மக்கள் செலுத்திய வரியின் கணக்கைக் காப்பது நம் கடமை. அதனைத் தாங்கும் கருவியைக் காப்பதும் அக்கடமையுள் அடங்கும்.