கருவியும் கைப்பிழையும்

கருவியைக் கையாள்பவன் தவறு செய்வானாயின் அவனைக் 'கவனமில்லாதவன்' என்று கடிந்துரைப்பது உலக வழக்கு. அத்தவற்றுக்குக் கருவியின் அமைப்பே காரணமாகலாமோ என்று அறிஞர் ஆராய்ந்ததன் பயனாக வளர்ந்ததே, இன்று 'பயனர் இடைமுக வடிவமைப்பு' என வழங்கும் துறை.

இரண்டாம் உலகப் போரின்போது, பி-17 என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சில, நலமே தரையிறங்கிய பின்னர் சேதமுற்றன. சிறகின் மடிப்புகளை உள்ளிழுக்க வேண்டிய விமானிகள், தவறுதலாகச் சக்கரங்களை உள்ளிழுத்தமையே காரணம். தேர்ந்த விமானிகளும் இவ்வாறு தவறினர். 1943 ஆம் ஆண்டில் அல்பொன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளர் இதனை ஆராய்ந்தார். அவ்விரு செயல்களுக்குமுரிய ஆளிகள் அருகருகே, ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கக் கண்டார். சக்கரத்துக்குரிய ஆளியிற் சிறு இறப்பர்ச் சில்லொன்றையும், மற்றையதில் ஆப்பு வடிவான துண்டொன்றையும் பொருத்தச் செய்தார். கண் நோக்காமலே கை வேறுபாட்டை உணர்ந்தது, தவறும் நீங்கிற்று. 1947 இல் பிற்ஸ், ஜோன்ஸ் என்னும் இருவர், 'விமானியின் பிழை' எனப்பட்ட 460 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து இவ்வுண்மையை மேலும் விளக்கினர்.

கணினியின் வரலாறும் இத்தகையதே. முற்காலக் கணினிகள், கட்டளையை எழுத்துப் பிசகாது தருவோர்க்கே பணிந்தன. 1968 டிசெம்பர் 9 இல் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பார், கையால் நகர்த்தித் திரையிற் சுட்டும் 'மவுஸ்' என்னும் கருவியைச் சான் பிரான்சிஸ்கோ நகரில் அவையோர்க்கு இயக்கிக் காட்டினார். 1981 இல் செரொக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்ரார்' கணினி, மேசையையும் கோப்புகளையும் திரையிற் சித்திரமாகக் காட்டிற்று. கட்டளைகளை நினைவிற் சுமந்தவன், கண்டு தெரிந்தெடுப்பவனாயினான். 1993 இல் அப்பிள் நிறுவனத்திற் சேர்ந்த டொனால்ட் நோர்மன், 'பயனர் அனுபவம்' என்னும் தொடரைத் தம் பதவிப் பெயரிலேயே அமைத்துக்கொண்டார்.

நம் மொழியிலும் இதற்கு ஒப்பதொன்று உண்டு. ஓலைச்சுவடிகளிற் குறில் எகர ஒகரங்களுக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படாமையால், படிப்போர் குறிலையும் நெடிலையும் பிரித்தறியாது மயங்கினர். 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் வகுத்தார். படிப்பவனைப் பழியாது எழுத்தைத் திருத்தினார் அப்பெரியார்.

இவற்றை எழுதுங்கால் எமது குறையொன்றும் நினைவில் எழுகின்றது. முன்னொருமுறை யாம் வரைந்த தேர்வு வினாவொன்றுக்கு வகுப்பிற் பாதிப்பேர் ஒரே பிழையை எழுதினர். அவர்களைக் கடிந்து முடித்த பின்னரே வினாத்தாளை மீண்டும் நோக்கினோம். வினா இரு பொருள்பட நின்றது! மறுநாள் வகுப்பில் எம் தவற்றை ஒப்புக்கொண்டு, புள்ளிகளையும் திருத்தினோம்.

இக்கல்லூரியிற் கற்று, இன்று பொறி அமைப்போராயும், படிவம் வரைவோராயும், ஆசிரியராயும் விளங்கும் பழைய மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே: பலர் ஒரே இடத்தில் இடறுவாராயின், அவர்தம் காலைப் பழித்தல் முறையன்று, கல்லை அகற்றுதலே நம் கடன்.