மீண்டு வரும் வாணம்: மாதிரி றொக்கெற்றுக் கழகங்களின் தொடக்கம்

கோயில் திருவிழாவிலும் தீபாவளியிலும் வானில் ஏறும் வாணத்தைக் கண்டு களியாத சிறுவர் நம் கொடகவெலப் பகுதித் தோட்டங்களில் இலர். சீறியெழுந்து, பொறி சிந்தி, இருளில் மறைவதோடு அதன் கதை முடிகிறது. எத்துணை உயரம் சென்றது, ஏன் ஒருபுறம் சாய்ந்தது, எதனை மாற்றினால் அடுத்த முறை செவ்வையாகச் செல்லும் என்னும் வினாக்களுக்கு விடை கூற அது திரும்பி வருவதில்லை. வேடிக்கை வாணத்துக்கும் மாதிரி றொக்கெற்றுக்கும் உள்ள தலையாய வேறுபாடு இதுவே. முன்னையது போய்விடுவது, பின்னையது மீண்டு வருவது. இவ்வுண்மையை ஆர்வலர் எவ்வாறு கண்டடைந்தனர் என்பதையும், அதனால் நம் மாணவர்க்கு ஆகும் பயன் யாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோடிக் கழகங்கள்

1927ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிரெஸ்லாவு நகரில் விண்பயணக் கழகம் ஒன்று தோன்றியது. அதன் உறுப்பினர் 1930இல் பெர்லின் நகரப் புறத்தே கைவிடப்பட்ட ஓர் இராணுவ நிலத்தைப் பெற்று, அங்கே திரவ எரிபொருள் றொக்கெற்றுகளைச் சோதித்தனர். வேர்ணர் வொன் பிரவுண் என்னும் இளைஞரும் அவர்களோடு உழைத்தார். ஆயின் 1932இல் அவரை இராணுவம் தன் பணிக்கு அழைத்துக்கொண்டது. பொழுதுபோக்காகத் தொடங்கிய கலை போர்க் கருவியாகியது. வி-2 என்னும் அழிவுப் படை அதன் வழியே பிறந்தது.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது வேறு. பிலிப் கிளீற்றர் என்பவர் 1933இல் லிவர்ப்பூல் நகரில் பிரித்தானியக் கோளிடைக் கழகத்தை நிறுவினார். அந்நாட்டின் 1875ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டம் தனியார் றொக்கெற்றுச் சோதனைகளுக்கு இடந்தரவில்லை. கை கட்டப்பட்ட அக்கழகத்தார் எழுதுகோலை எடுத்தனர். சந்திரனுக்குச் செல்லும் கலம் ஒன்றை 1930களின் இறுதியிலேயே தாளில் வரைந்து கணக்கிட்டனர். அக்கழகத்தில் வளர்ந்தவரே ஆதர் சி. கிளாக். புவியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதிய அவர், 1956 முதல் 2008இல் மறையும் வரை நம் இலங்கையையே தமது இல்லமாகக் கொண்டார். வெடிமருந்தின்றியும் றொக்கெற்று விஞ்ஞானம் பயிலலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இந்திய மண்ணில் ஓர் ஆர்வலர்

நமக்கு அண்மையிலும் ஒரு முன்னோடி இருந்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீபன் ஸ்மித் (1891–1951) வான்வழித் தபாலில் பெருவிருப்புடையவர். வெள்ளத்தாலும் மலையாலும் துண்டிக்கப்பட்ட ஊர்களுக்குக் கடிதமும் மருந்தும் உணவும் வாணத்தின் மூலம் அனுப்பலாகாதா என்று அவர் எண்ணினார். 1934 செப்டெம்பர் 30ஆம் நாள் கப்பலொன்றிலிருந்து சாகர் தீவை நோக்கி அவர் ஏவிய முதல் தபால் வாணம் வானிலேயே வெடித்தது, கடிதங்கள் சிதறின. அவர் தளரவில்லை. அடுத்த ஆண்டு சிக்கிம் அரசின் ஆதரவோடு மலைநாட்டிலே சோதனைகள் நடத்தினார். அவ்வாண்டிலேயே ஒரு சேவலையும் பேட்டையும் வாணத்தில் ஏற்றித் தாமோதர் ஆற்றைக் கடப்பித்தார். இரண்டும் உயிரோடு கரை சேர்ந்தன. 1934 முதல் 1944 வரை அவர் ஏவியவை ஏறத்தாழ 270 என்பர். இந்திய அஞ்சற்றுறை 1992இல் அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது.

ஸ்மித்தின் ஊக்கம் வியத்தற்குரியது. எனினும் அவருடைய வாணங்கள் பட்டாசுத் தொழிலாளரின் வெடிமருந்தையே நம்பியிருந்தன. சுமையைச் சேர்ப்பதே அவற்றின் கடமை, மறுமுறை பறப்பதன்று. ஒரு பள்ளிச் சிறுவன் அச்சமின்றிக் கையாளத்தக்க கருவியாக அவை அமையவில்லை.

இரு வழிகள்

1957 ஒக்டோபர் 4ஆம் நாள் சோவியத்து நாடு ஸ்புட்னிக் செய்மதியை ஏவியதும் உலகெங்கும் இளைஞரிடையே றொக்கெற்று வேட்கை மூண்டது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் கோல்வுட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊர் அந்நாளில் இருந்தது. வீடும் கடையும் கம்பனிக்கே உரியனவாயிருந்த அவ்வூரின் வாழ்வு, தோட்ட லயங்களை அறிந்த நமக்குப் புதிதன்று. அங்கே ஹோமர் ஹிக்கம் என்னும் மாணவரும் அவர்தம் நண்பரும் கழகம் அமைத்து, உருக்குக் குழாய்களில் றொக்கெற்றுகள் செய்தனர். அவர்கள் 1960ஆம் ஆண்டின் தேசிய விஞ்ஞானக் கண்காட்சியில் பதக்கம் பெற்றனர். ஹிக்கம் பின்னர் நாசாவில் பொறியியலாளராய்ப் பணியாற்றினார். ஆசிரியை ஒருவரின் ஊக்குவிப்பும், சுரங்கப் பட்டறைத் தொழிலாளரின் கைத்திறனும் அவர்களுக்குத் துணைநின்றன. ஆனால் அத்தகைய துணையின்றி, உலோகக் குழாயில் தாமே மருந்தடைத்துக் கையும் கண்ணும் இழந்த சிறுவரும் அந்நாட்களில் உளர். அவர் பெயர்கள் பதக்கப் பட்டியலில் இடம்பெறவில்லை.

மற்றொரு வழியைக் காட்டியவர் நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை நடத்திய ஒர்வில் கார்லைல். விமான மாதிரிகள் செய்யும் தம் சகோதரர் ரொபேட்டுக்காக 1954இல் அவர் தாளாலும் மென்மரத்தாலும் ஒரு சிறு றொக்கெற்றை ஆக்கினார். அதனை உந்தும் பொறி கழற்றி மாற்றத்தக்கது. உச்சியை அடைந்ததும் குடை விரிந்து, உடல் சேதமின்றி மண்ணை வந்தடையும். 1957இல் வைற் சான்ட்ஸ் ஏவுதளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் என்பவர் றொக்கெற்றுப் பாதுகாப்பைப் பற்றி எழுதிய கட்டுரையைக் கண்ணுற்ற கார்லைல், தமது மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். சிறுவர் விபத்துக்களைத் தடுக்கும் வழி இதுவே என ஸ்டைன் உணர்ந்தார். அவ்வாண்டே மாதிரி றொக்கெற்றுக்கான தேசியச் சங்கம் அமைந்தது. பின்னர் வேர்னன் எஸ்டீஸ் என்பவர் பொறிகளை ஆக்கும் தானியங்கு இயந்திரத்தை அமைத்து, அதற்கு மேபல் என்று பெயரிட்டார். மருந்தடைக்கும் அபாயத் தொழில் சிறுவன் கையினின்று நீங்கி, இயந்திரத்தின் பாற்பட்டது. வடிவமைத்தல், அளத்தல், திருத்தல் என்பன சிறுவனுக்கே எஞ்சின. கல்வி என்பது அவ்வெச்சத்திலேயே இருந்தது. 1972இல் யூகோசிலாவியாவின் விர்சாற்ஸ் நகரில் உலகப் போட்டி நடைபெறும் அளவுக்கு அப்பொழுதுபோக்கு வளர்ந்தது.

பொறியின் இயக்கம்

அப்பொறி தன் கடமையை மூன்று படிகளிற் செய்கிறது. முதலில் உந்துமருந்து எரிந்து றொக்கெற்றை எழுப்பும். அடுத்துத் தாமத மருந்து மெல்ல எரியும். அவ்வேளையில் றொக்கெற்று தன் வேகத்தாலேயே மேலேறும். இறுதியில் ஒரு சிறு வெடிப்பு மூக்குக் கூம்பை விலக்கிக் குடையை வெளித்தள்ளும். பொறியின் மேல் பி 6-4 என்று பொறித்திருப்பின், பி என்னும் எழுத்து மொத்தக் கணத்தாக்கு 5 நியூற்றன் செக்கனுக்கு மேற்படாததைக் குறிக்கும். எழுத்து ஒன்று ஏற இவ்வெல்லை இரு மடங்காகும். 6 என்பது சராசரி உந்துவிசை 6 நியூற்றன் என்பதையும், 4 என்பது தாமதம் 4 செக்கன் என்பதையும் காட்டும். ஐந்தை ஆறால் வகுக்க, உந்துமருந்து எரியும் காலம் ஒரு செக்கனுக்கும் குறைவென்பது புலனாகும். நியூற்றனின் விதிகளைப் படிக்கும் மாணவனுக்கு இதனினும் இனிய பயிற்சிக் கணக்கு யாது?

நாம் செய்யத்தக்கது

வெடிமருந்தைச் சட்டம் கட்டுப்படுத்துவது நம் நாட்டிலும் உண்டு, அது முறையுமாகும். எனவே நம் கழகம் நீரினால் தொடங்குக. மென்பானப் பிளாஸ்டிக் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, வால்வு பொருத்திய இறப்பர் அடைப்பால் மூடி, துவிச்சக்கர வண்டியின் பம்பினால் காற்றடித்தால், நெருங்கிய காற்று நீரைக் கீழே தள்ளும். அதன் மறுதாக்கத்தால் போத்தல் மேலே எழும். கண்ணாடிப் போத்தலையோ வெடிப்புற்ற போத்தலையோ தொடலாகாது. ஆசிரியர் முன்னிலையில், நீண்ட கயிற்றை இழுத்துத் தொலைவிலிருந்தே விடுவித்தல் வேண்டும். காற்றடைத்த போத்தலை எக்காரணத்தாலும் குனிந்து பார்த்தல் ஆகாது.

உயரத்தை அளத்தலும் எளிதே. பாகைமானி ஒன்றில் குண்டு நூல் கட்டி, ஏவுமிடத்திலிருந்து 50 மீற்றர் தள்ளி நின்று, உச்சியின் ஏற்றக் கோணத்தைக் காண்க. கோணம் 40 பாகையாயின் அதன் தான்சன் 0.84, அதனை 50ஆல் பெருக்க 42 மீற்றர் வரும். கண்ணின் உயரத்தையும் கூட்டுக. காற்றினால் போத்தல் சாயுமாதலால், எதிரெதிர்ப் பக்கங்களில் இருவர் நின்று அளந்து ஒப்பிடுதல் நலம். நீரின் அளவையோ செட்டையின் வடிவையோ ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு பறப்பையும் குறிப்பேட்டில் எழுதுக. தோற்ற பறப்புகளை முதலில் எழுதுக; அவையே மிகுதியாகக் கற்பிக்கும்.

இதற்கு வேண்டுவன ஒரு விளையாட்டு மைதானம், சில வெற்றுப் போத்தல்கள், ஒரு பம்பு, ஒரு குறிப்பேடு, சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரத்தை ஈந்துதவும் ஓர் ஆசிரியர் என்பனவே. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளிலே ஆய்வுகூட வசதி குறைவென்று வருந்துவோர் பலர். அவ்வருத்தம் நியாயமானதே, ஆயினும் வசதி வரும் வரை மாணவனின் வயது காத்திராது. இவ்விழாவினை முன்னிட்டுக் கல்லூரிக்கு நன்கொடை வழங்க எண்ணும் பழைய மாணவர், கட்டடத்தோடு இத்தகைய கழகமொன்றையும் மனத்திற் கொள்வாராக. பணத்தினும் மேலாக, பட்டறையிலும் பணிமனையிலும் தாம் கற்ற கைத்தொழிலை இளையோர்க்குச் சொல்லித்தர முன்வருவாராக. பயின்ற இடத்துக்குப் பயனோடு மீள்வதே வாணத்துக்கும் மாணவர்க்கும் அழகு.