கோப்பின் பெயரும் கோப்பின் முத்திரையும்

பெங்களூரில் 1898-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின்னர் திட்டமிட்டு அமைக்கப்பட்ட பகுதி பிரேசர் டவுன். புலிகேசி நகர் என்பதும் அதன் பெயரே. உறையின் மீது எப்பெயரை எழுதினாலும் தபால் ஒரே வீட்டைச் சென்றடையும். கணிப்பொறியிலும் ஒரே கோப்பிற்கு இரு பெயர்கள் இருத்தல் கூடும். ஒரு பெயருக்கு மட்டும் காவல் வைத்தால் மற்றதன் வழியே உள்ளே புகலாம் அன்றோ?

ஆகவே, காவற்குறியைக் கோப்பின் மீதே பொறிக்கும் முறை ஏற்பட்டது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.ஈ.லினக்ஸ் இவ்வகையினது, 2003-இல் லினக்ஸின் 2.6 பதிப்பில் அது இடம்பெற்றது. களப்பணியாளர் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியிலும், 2014-இல் வந்த 5.0 பதிப்பு முதல், இது முழு அளவில் அமலில் உள்ளது.

இம்முறையில் ஒவ்வொரு கோப்பும், இயங்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு முத்திரையைத் தாங்கும். பயனர், பங்கு, வகை, நிலை என்பன அதன் உறுப்புகள். அன்றாட வேலையில் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் வகையே. விதியில் அனுமதிக்கப்படாதது மறுக்கப்படும்.

தொல்லை நேர்வது கோப்பை இடம் மாற்றும்போதுதான். ஆசிரியர் ஒருவர் தம் சொந்த அடைவில் எழுதிய பாடத்தைப் பள்ளியின் இணையதள அடைவிற்கு 'எம்.வி.' கட்டளையால் நகர்த்துகிறார் எனக் கொள்வோம். பழைய முத்திரையும் உடன் செல்லும். இணையச் சேவை நிரல் அதனைப் படிக்க இயலாது. 'சி.பி.' கட்டளையால் நகலெடுத்திருப்பின், புதிய நகல் பொதுவாகச் சேருமிடத்தின் முத்திரையைப் பெற்றிருக்கும். நகர்த்திய கோப்பிற்கு 'ரெஸ்டோர்கான்' கட்டளை உரிய முத்திரையை மீட்டுத் தரும். 'சி.எச்.கான்' செய்யும் மாற்றமோ அடுத்த மீட்பில் அழிந்துபோகும். நிலைத்த மாற்றம் வேண்டுவோர் முதலில் 'செமேனேஜ்' மூலம் விதியில் பதிந்து, பிறகு 'ரெஸ்டோர்கான்' இயக்குதல் வேண்டும்.

பலர் இவ்வளவு தொல்லை எதற்கு என்று காவலையே அணைத்துவிடுகின்றனர். ஒரு கதவு திறக்கவில்லை என்று ஊர்க்காவலைக் கலைப்பது போன்றதே இது. அணைத்திருக்கும் காலத்தில் பிறக்கும் கோப்புகள் முத்திரையின்றியே பிறப்பதால், மீண்டும் இயக்கும்போது வட்டு முழுவதற்கும் முத்திரையிட நேரிடும். காரணம் அறிவதே நோக்கமாயின், தடுக்காமல் குறித்து மட்டும் வைக்கும் நிலை ஒன்று உண்டு. 'செட்என்ஃபோர்ஸ் 0' அதனைத் தரும். அப்போது தணிக்கைப் பதிவேட்டில் நிரலின் முத்திரையும் கோப்பின் முத்திரையும் ஒரே வரியில் காணப்படும். திருத்தம் முடிந்ததும் 'செட்என்ஃபோர்ஸ் 1' இடுதல் வேண்டும்.