துப்பாக்கித் தொலைநோக்கி: ஓர் ஒளியியல் பாடம்

நிறமாலைமானியின் தொலைநோக்கியைச் சரிசெய்து பழகாத இயற்பியல் மாணவர் இருக்க முடியாது. தொலைவிலுள்ள ஒரு பொருளை நோக்கி அதைத் திருப்புகிறோம். குறுக்குக் கம்பிகள் தெளிவாகத் தெரியும்வரை கண்ணருகு லென்ஸை நகர்த்துகிறோம். பிறகு தலையைச் சற்றே இடமும் வலமும் அசைத்து, பிம்பமும் கம்பியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாதபடி பார்த்துக்கொள்கிறோம். "இந்தத் தலையாட்டம் எதற்கு சார்?" என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேட்பதுண்டு. அதற்குத் துப்பாக்கியை வைத்துப் பதில் சொல்லும் வாய்ப்பு எனக்கு எதிர்பாராமல் கிடைத்தது.

சிறுமலை அடிவாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் பயிரிடும் விவசாயி ஒருவர், நம் மாணவி ஒருவரின் தந்தை, ஒரு மாலை ஆய்வுக்கூடத்திற்கு வந்தார். கையிலிருந்த துணிப்பைக்குள் ஒரு கறுப்புக் குழாய். துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி. விளம்பரம் பார்த்துத் தபாலில் வரவழைத்தாராம். அதன்மேல் 12×40 என்று பொறித்திருந்தது.

"சார், பன்னி ஒரே ராத்திரியில அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுருச்சு. அப்பா காலத்துத் துப்பாக்கி லைசென்சோட வீட்டுல இருக்கு. இதை மாட்டினா இருட்டுல தெரியுமா?"

முதலில் சட்டத்தைச் சொன்னேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை என்பதே இல்லை. துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது வேறு, விலங்கைச் சுட அனுமதி இருப்பது வேறு. காட்டுப்பன்றிகள் குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர்தாம் சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடுதல் அறவே கூடாது. இவர் தோட்டமோ காட்டின் விளிம்பிலேயே இருக்கிறது.

சற்று நேரம் பேசாமலிருந்தவர், "சுட வேண்டாம் சார். காவலுக்கு உக்காரும்போது பார்க்கவாவது உதவுமா?" என்றார். இது நல்ல கேள்வி. கேள்வி கேட்டவரைச் சும்மா அனுப்புவது ஆசிரியருக்கு அழகன்று; ஆகவே அளந்து பார்த்தோம்.

12×40 என்பதன் பொருள், 12 மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள பொருளருகு லென்ஸ் என்பதாகும். வெளிச்சமான சன்னலை நோக்கிக் குழாயைப் பிடித்து, கண்ணருகு லென்ஸுக்குப் பின்னால் ஒரு வரைபடத்தாளை நீட்டினால் அதில் சிறிய ஒளிவட்டம் விழும். தாளை முன்னும் பின்னும் நகர்த்தி, வட்டம் கூர்மையாகும் இடத்தில் அதன் விட்டத்தை அளக்கலாம். 40ஐ 12ஆல் வகுத்தால் வரும் 3.3 மில்லிமீட்டர்தான் அது. குழாய்க்குள் புகுந்த ஒளி முழுவதும் இந்த வட்டத்தின் வழியாகவே கண்ணுக்கு வர வேண்டும். இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். ஐம்பதைத் தாண்டியவர்க்கு 5 அளவில் நின்றுவிடும். பிம்பத்தின் பொலிவு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே விரிந்த கண்ணுக்குக் கிடைக்கக்கூடிய பொலிவில், நம் விவசாயிக்கு இந்தக் குழாய் கொடுப்பது 44 சதவீதம். அவர் மகளுக்கு 23 சதவீதம். பெருக்கம் கூடக்கூடப் பார்வையும் கூடும் என்று நம்பிப் பணத்தைக் கட்டுவோர் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இழப்பு இதோடு முடியவில்லை. நிறமாலைமானியில் பிம்பம் தலைகீழாகத் தெரிந்தால் நமக்குக் கவலையில்லை. துப்பாக்கிக்காரருக்கு அது ஆகாது. எனவே பிம்பத்தை நிமிர்த்த இடையில் மேலும் லென்ஸ்கள் வேண்டும். எட்டு லென்ஸ்கள் என்றால் 16 பரப்புகள். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியடித்துவிடும். 0.96ஐப் பதினாறு முறை பெருக்கிப் பாருங்கள்: பாதி ஒளிதான் மிஞ்சும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டறிந்த எதிரொளிப்புத் தடைப்பூச்சு இந்தக் குறையைப் போக்கியது. இன்றைய பலபடிப் பூச்சினால் பரப்புக்கு அரை சதவீதமே இழப்பு. பதினாறு பரப்புகளைத் தாண்டியும் 92 சதவீதம் வந்து சேரும். நல்ல பூச்சு, விளக்கின் பிரதிபலிப்பில் மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். நம்மிடம் வந்த குழாயில் விளக்கு வெள்ளை வெளேரென்று பிரதிபலித்தது.

இருட்டத் தொடங்கியதும் மொட்டைமாடிக்குச் சென்றோம். விலங்கியல் துறையினர் பறவை பார்க்க வைத்திருக்கும் 7×50 இருகண் நோக்கியையும் எடுத்துக்கொண்டேன். மலைக்கோட்டையின் மதில் இரண்டிலும் தெரிந்தது; அதுவரை வேறுபாடு பெரிதாக இல்லை. பிறகு அவர் குழாயைக் கீழே திருப்பி, ஏறக்குறைய முந்நூறு மீட்டருக்கு அப்பால் சீமைக்கருவேல மரங்களின் ஓரத்தைக் காட்டினார். "அங்க பாருங்க சார், அதே உயரம், அதே கறுப்பு. பன்னிதான்." நானும் பார்த்தேன். ஒரு கறுப்புத் திரள், குனிந்து, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கை நடுக்கமும் 12 மடங்கு பெருகுவதால் அது நிலைகொள்ளாமல் துள்ளியது. 7×50ஐ அவரிடம் கொடுத்தேன். அதன் ஒளிவட்டம் 7.1 மில்லிமீட்டர்; கண்மணி முழுவதையும் நிரப்பும். வாங்கிப் பார்த்தவர் சட்டென்று அதைக் கீழே இறக்கிவிட்டார். விறகுச் சுள்ளி பொறுக்கும் ஒரு அம்மாள் அங்கே இருந்தார்.

அதன்பின் சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியால் எதையேனும் "என்னவென்று பார்ப்பது" என்றால், குழல்முனையை அதன்மேல் நீட்டுவது என்றே பொருள். ஆகவே அறிவதற்கு இருகண் நோக்கி, குறிவைப்பதற்குத்தான் இது என்ற பிரிவினையை எந்த நாட்டு வேட்டைப் பயிற்சியிலும் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். விளம்பரங்களில் "அந்திநேர எண்" என்று ஒன்றைப் பெரிதாகப் போடுவார்கள். பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. அதன்படி 12×40க்கு 21.9, 7×50க்கு 18.7. எண்ணை நம்பினால் நாங்கள் மாடியில் கண்டது பொய்யாக வேண்டும்! பூச்சும் கை நடுக்கமும் அந்தக் கணக்கில் இல்லை என்பதே காரணம்.

அப்படியானால் சுடும் பொறுப்பு உள்ளவர்கள் எதைத் தேர்வு செய்வார்கள்? சோளக்காட்டில் பன்றி தெரிவது முப்பது நாற்பது மீட்டரில். 12 மடங்குக் கருவியில் 100 மீட்டர் தொலைவில் தெரியும் பரப்பின் அகலம் சுமார் 3 மீட்டர். 30 மீட்டரில் அது 90 சென்டிமீட்டராகச் சுருங்கும். தெரிவது பன்றியன்று, பன்றி மயிர்! 4 மடங்கில் அதே இடத்தில் 3 மீட்டர் அகலம் தெரியும். பின்னால் வரும் குட்டிகளும் தெரியும், வரப்பில் நிற்கும் ஆளும் தெரிவார். 4×32 அல்லது 6×42 போன்ற எளிய கருவி இங்கே போதுமானது. தருமபுரி, சேலம் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் ரைபிளில் ஒரு டார்ச் விளக்கைப் பொருத்தியே இரவில் காத்திருந்தார். அங்கும் தொலைவு சில பத்து கெஜங்களே.

கண்ணுக்கும் கருவிக்கும் இடையே சுமார் 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் துப்பாக்கி பின்னுதைக்கும்போது குழாயின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். சுருள்வில் காற்றுத் துப்பாக்கியின் குணம் வேறு: பின்னுதைத்த மறுகணம் முன்னும் குலுங்கும். பின்னுதைப்பை மட்டும் தாங்கும்படி செய்த விலையுயர்ந்த கருவிகூட அதில் உள்ளே கழன்றுவிடும். (காற்றுத் துப்பாக்கியால் காடை, கௌதாரி அடிப்பதும் அதே 1972 சட்டப்படி குற்றமே, நம்மூர் இளைஞர் சிலர் இதை விளையாட்டாக நினைக்கிறார்கள்.)

குறுக்குக் கம்பிக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1640ஐ ஒட்டிய காலத்தில் ஆங்கில வானியலாளர் வில்லியம் காஸ்காயின் தம் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி இழை விழுந்திருக்கக் கண்டாராம். குவியத்தில் கிடந்ததால் அது விண்மீனோடு சேர்ந்து தெளிவாகத் தெரிந்தது. அதிலிருந்து பிறந்ததே இந்தக் கம்பி. அந்தி வேளைக்கு மெல்லிய கம்பி உதவாது. ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்ததே கண்ணுக்குப் படும்.

இனித் தலையாட்டத்துக்கு வருவோம். துப்பாக்கித் தொலைநோக்கியில் பிம்பமும் கம்பியும் ஒரு குறிப்பிட்ட தொலைவுக்கே ஒன்றுபடும். பெரும்பாலும் அது 100 மீட்டரை ஒட்டியிருக்கும். 40 மில்லிமீட்டர் லென்ஸில் கண் மையத்தை விட்டு ஓரத்துக்குப் போனால், 50 மீட்டர் இலக்கில் அதிகபட்சம் 10 மில்லிமீட்டர் பிழை வரும். பன்றிக்கு இது ஒரு பொருட்டன்று. 10 மீட்டரில் அதே கருவி 18 மில்லிமீட்டர் பிழை தரும். 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் விட்டமோ அரை மில்லிமீட்டர்! (ஒலிம்பிக்கில் அந்தப் போட்டிக்குத் தொலைநோக்கியே கிடையாது, சிறுதுளை வழியாகத்தான் குறிபார்க்கிறார்கள்.)

திருகுகளின் கணக்கும் எளிதே. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. அது 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். திருகின் ஒரு சொடுக்கு கால் கலை, அதாவது 7 மில்லிமீட்டர். குண்டு 10 சென்டிமீட்டர் தாழ்ந்து பட்டால் 14 சொடுக்கு மேலே. முக்கோணவியல் எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

விவசாயி கிளம்பும்போது 7×50 என்ற எண்ணை மகளின் நோட்டில் எழுதச் சொன்னார். பயிர்ச்சேத இழப்பீட்டுக்கான மனுவையும் வனத்துறை அலுவலகத்துக்கு அந்த மாணவியே எழுதினாள். குழாயைத் திரும்ப எடுத்துப்போக அவர் வரவில்லை. அது ஆய்வுக்கூட அலமாரியில் மூன்றாம் தட்டில், நிறமாலைமானிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒளிவட்டத்தை அளந்து பார்க்க விரும்புவோர் வரைபடத்தாளுடன் வரலாம்.