கண்ணுக்குள் ஓடும் ரத்தத்தைப் படம் பிடிக்கலாம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கும் நம்மில் சர்க்கரை உள்ளவர்களும் உண்டு. "கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு ஒரு நாள் சம்பளத்தை விடணும்?" என்கிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

கண்ணின் பின்புறத்தில் விழித்திரை இருக்கிறது. சர்க்கரை நோய் அதிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். ரத்தம் கசியும், குழாய் அடைபடும். வலிக்காது. பார்வை மங்கும்போது பாதிப்பு முற்றியிருக்கலாம்.

முதலில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கை நரம்பில் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தை ஊசியாகப் போடுவார்கள். சில நொடிகளில் அது கண்ணுக்குப் போய்விடும். நீல ஒளியில் படமெடுத்தால் கசிவு பளிச்சென்று தெரியும். 1961-ல் அமெரிக்க மருத்துவ மாணவர்கள் நோவோட்னி, ஆல்விஸ் இருவரும் வெளியிட்ட முறை இது. சிறுநீர் ஓரிரு நாள் மஞ்சளாகப் போகும், பயம் வேண்டாம். ஒவ்வாமை, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இப்போது ஊசி இல்லாமலே படமெடுக்கும் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபியும் வந்துவிட்டது.

சீக்கிரம் தெரிந்தால் லேசராலும் கண்ணில் போடும் ஊசியாலும் பார்வையைக் காப்பாற்றலாம். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் விழித்திரைப் பிரிவு உண்டு. சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், துணையோடு போங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒரு முறை கண்ணைக் காட்டுவோம். அடுத்த குழுக் கூட்டத்திலேயே யார் யார் போகவில்லை என்று கேட்போம், சகோதரிகளே!