நீர்த்தவளையின் நோயும் மரக்காணத்து உப்பும்

யாத்திராகமம் பயின்ற நமக்குத் தவளை என்பது ஒரு வாதையின் பெயர். அத்தவளைக்கே நோய் வருமென்பதும், அதற்கு மருந்து தேடுவார் உளரென்பதும் சிலர்க்கு நகையாகத் தோன்றலாம். ஆயினும் அலங்கார மீன் விற்கும் கடைகளில் ஆப்பிரிக்க நகத்தவளையும், அதனினும் சிறிய குள்ளத்தவளையும் இக்காலத்து விலைக்குக் கிடைக்கின்றன. இவை கரையேறி வாழ்வன அல்ல. நன்னூலார் சூத்திர நிலையொன்றிற்குப் பெயராக்கிய அந்தப் பாய்ச்சலை இவற்றினிடம் காண்டல் அரிது. கண்ணாடித் தொட்டியின் நீருள்ளேயே உண்டு, அதனுள்ளேயே கழித்து, அதனுள்ளேயே உறங்குவன. ஆதலின் இவற்றின் நோயும் பெரும்பாலும் அந்நீரினின்றே எழுகின்றது.

வாயாற் கெடுவதாகப் பழமொழி கூறும் நுணல், மெய்யாகத் தோலாற் கெடுவது. தவளை வாயால் நீர் பருகுவதில்லை. நீர் தோல் வழியே உட்புகும். அதன் குருதியில் உப்பு, சூழ்ந்துள்ள நன்னீரினும் மிகுதி. ஆகவே நீர் ஓயாது உள்ளே ஊறும். சிறுநீரகம் அதனை ஓயாது வெளியேற்றும். அதனோடு கழியும் உப்பைத் தோலானது நீரினின்று மீள ஈர்த்துக்கொள்ளும். இவ்வீர்ப்பை டென்மார்க்கு அறிஞர் ஆகஸ்டு குரோக் 1937-இல் ஆராய்ந்து காட்டினார். தோல் பழுதுறின் இக்கணக்கு முழுதும் பிறழும். 1999-இல் பெயரிடப்பெற்ற ‘கைட்ரிட்’ பூஞ்சை தோலையே பற்றுவது. அந்நோயுற்ற தவளைகளின் குருதியில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, ஈற்றில் இதயம் நின்றுபோதலை 2009-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று புலப்படுத்திற்று.

இங்கேதான் உப்பு மருந்தாகின்றது. தவளையின் உடல்நீர், லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் உப்புக் கரைத்த நீரை ஒக்கும். நோயுற்ற நகத்தவளையை லிட்டருக்கு 4 முதல் 6 கிராம் உப்புள்ள நீரில் தனிப் பாத்திரத்தில் வைப்பின், நீர் உட்புகும் வேகம் தணியும். பஞ்சு போலப் படரும் நீர்ப்பூஞ்சையும் ஒடுங்கும். கைட்ரிட்டின் வளர்ச்சியையும் சிற்றளவு உப்புத் தடுப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2012-இல் கண்டனர். குள்ளத்தவளைக்கு இதனிற் குறைந்த அளவே தகும். உப்பைச் சிறிது சிறிதாகவே கூட்டல் வேண்டும். தவளை துடித்தாலும் துவண்டாலும் அக்கணமே நன்னீருக்கு மாற்றிவிட வேண்டும்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே எனக் கருதும் அறிஞர் உளர். இன்றும் இவ்வூர் உப்பளங்களின் ஊரே. கைக்கெட்டும் பொருளை அள்ளியிடத் துணிதல் மக்கட்கு இயல்பு, ஆபத்தும் அதுவே. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. பாத்தியில் உப்பு விளையும் நிலையில் அது 250 கிராமையும் கடந்து நிற்கும். ‘உப்புநீர் நல்லது’ என்று கேட்டவர் கடலிலோ கழியிலோ ஒரு குடம் முகந்து தொட்டியில் வார்ப்பின், தவளை தன் உடல்நீரை இழந்து மடியும். நண்டுண்ணும் தவளையொன்று, யூரியாவை உடலில் தேக்கி உவர்நீரிலும் வாழ்வதைத் தாய்லாந்தில் ஆராய்ந்து 1961-இல் எழுதினர். நம் தொட்டித் தவளைக்கு அத்துணை ஆற்றல் இல்லை. ஆதலின் பிடிக்கணக்கு வேண்டா, தராசு வேண்டும். பாத்தியில் வாரிய கல்லுப்பில் மண்ணும் மக்னீசிய உப்புக்களும் கலந்திருக்கும். கடைத் தூளுப்பிலோ அயோடினும், கட்டிபடாமைக்கு இட்ட பொருள்களும் உண்டு. மீன்தொட்டிக்கென விற்கும் தூய உப்பே ஏற்றது.

உப்பால் தீராத நோய்களும் உள. தொடையும் வயிறும் சிவந்து குருதி கன்றும் ‘செங்கால்’ நோய் பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது. நீர்கோத்து உடல் வீங்குவதற்குக் காரணங்கள் பல. இவற்றிற்கு மருத்துவர் அளந்து தரும் மருந்தே வேண்டும். புதுச்சேரியிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள. பூஞ்சைக்கு வழங்கும் ‘இட்ராகோனசோல்’ குளியலும் அவர் மேற்பார்வையில் செய்யத்தக்கதே. அதற்கு முன், தொட்டி நீரில் ஒரு பகுதியையேனும் மாற்றுக. குழாய்நீராயின் குளோரின் நீக்கியே வார்க்க. எஞ்சிய உணவு அழுகிப் பிறக்கும் அம்மோனியா, தோலை அரித்து நோய்க்கு வாயில் திறப்பது.

இனி, கழித்த நீரை எங்கே கொட்டுவது? இதனை எண்ணுவார் சிலரே. மரக்காணத்தை அடுத்த கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. மழைநாளில் அதன் கரையோர வயல்களில் நம் நாட்டுத் தவளைகள் எழுப்பும் ஒலியைக் கேட்டார் அறிவர். வேற்று நாட்டுத் தவளை நோயோடு வாழ்ந்த நீர் வாய்க்கால் வழியே அங்குச் சேருமாயின், அவற்றிற்கு உப்பு நிறுத்திடுவார் எவருமிலர். கைட்ரிட் பூஞ்சை முற்றக் காய்ந்தால் மடியும். ஆதலின் அந்நீரை வாய்க்காலுக்குச் சேய்த்தான மேட்டு மணலில், வெயில் ஏறிய பின்னர்க் கொட்டுக. வலையையும் கூழாங்கற்களையும் அவ்வெயிலிலேயே உலர்த்துக.